விருப்பச் சின்னம்

அந்தப் படத்தில் பையன் சிரித்துக்கொண்டிருந்தானா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிரித்தான் என்பது காந்தனின் நினைவு. உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையில் கவனமாக இருந்தான், சிரிக்கவில்லை என்பது அவன் மனைவி அனுசியாவின் நினைவு. படம் இப்போது இருவரிடமும் இல்லை. இதைச் சொல்கிற எனக்கும் அதை யாரோ கைபேசியில் காட்டி ஒரே ஒரு தடவை பார்த்த ஞாபகம்தான். மேலே தகரக் கூரை இருந்ததா, வானம் தெரிந்ததா என்றுகூடச் சந்தேகம் வருகிறது. செருப்புகள் மட்டும் நன்றாக நினைவில் இருக்கின்றன. அவை எல்லாருக்கும் நினைவிருக்கின்றன.

பையன் பெயர் கவிநேசன். அப்போது ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். குடும்பம் இருந்தது மலாக்கா பக்கம் அலோர் காஜாவில், மலிவு விலை அடுக்குமாடியில். காந்தன் அங்கேயே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அனுசியாவுக்குப் புலாவ் செபாங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அவள் போகிற வழியில்தான் அந்தத் தோட்டம். பள்ளி சிறியது, ஆசிரியர்களுக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும். மகனை அங்கே சேர்ப்போம் என்று அவள் சொன்னபோது காந்தன் ஒன்றும் பேசவில்லை. அது அவன் பிறந்த தோட்டம். உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறான் போல என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஈப்போ பக்கத்தில் டவுனிலேயே வளர்ந்தவள் அவள். இவனுடைய மௌனங்களுக்கு எது அர்த்தம் என்று அவளே ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் குட்டிச் சாரணர் குழு ஒன்று இருந்தது. மலாக்கா டவுனிலிருந்து மாற்றலாகி வந்த சுசீலா டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. முடிச்சுப் போடுவது, காயத்துக்குக் கட்டுவது, கொடியேற்றுவது என்று கட்டாயச் சின்னங்களையெல்லாம் கவிநேசன் வாங்கிவிட்டான். சட்டைக் கையில் வரிசையாகத் தைத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு விருப்பச் சின்னம் கிடைத்தால் தங்கக் கெரிஸ். அந்தக் குழுவில் பெரிய விருது அதுதான். அவன் ராத்திரி சாப்பாட்டிலும் அதையே பேசினான்.

"விருப்பம்னா ஒனக்குப் புடிச்சதுதானே. சமையல் எடுத்துக்கோ. அம்மா சொல்லிக் குடுப்பா" என்றான் காந்தன்.

"சமையலா? போன வருஷம் ஒருத்தன் கைய சுட்டுக்கிட்டான். டீச்சர் அத தூக்கிட்டாங்க."

"அப்ப நீச்சல்."

"எங்கப்பா நீந்தறது? வாளியிலயா?"

அனுசியா வாயில் சோற்றோடு சிரித்துவிட்டாள். காந்தன் விடவில்லை. "ஸ்டாம்பு சேக்கறது?"

"ஆன்லைன் பார்சல்ல யாருப்பா ஸ்டாம்பு ஒட்டி அனுப்பறா?"

"செல்லப் பிராணி?"

"பக்கத்து வீட்டு பூன கணக்குல வராதாம். கேட்டுட்டேன்லா." பையன் கையைத் தட்டிலிருந்து எடுத்தான். "நான் சமயம் எடுக்கறேன்பா. ஹரிதாஸும் அதான். அவங்க தாத்தாதான் கோயில் தலைவர். வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயி சேவை செஞ்சா போதும், அவரு செஞ்சான்னு டீச்சர்கிட்ட சொல்லிருவாரு. இருக்கறதுலயே அதான் ஈசி."

"அதானே," என்றாள் அனுசியா. "நம்ம கோயில்தானே."

காந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நம்ம கோயில் என்ற சொல்லை அவன் பிசைந்துகொண்டிருந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தத் தோட்டத்தில் அவன் பிறந்தது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில். இப்போது அந்த லயம் இல்லை, இடித்துவிட்டுச் செம்பனை மரம் நட்டுவிட்டார்கள். அவனுடைய அப்பா ராமையா பகலில் ரப்பர் வெட்டுவார். சாவுக்கும் திருவிழாவுக்கும் மேளம் அடிப்பார். திருவிழாவில் தேர் எல்லா லயத்து வாசலிலும் நிற்கும். ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைப்பார்கள். கடைசி லயத்துக்கு மட்டும் வராது. முன்னால் இருக்கிற தண்ணீர்க் குழாயோடு திரும்பிவிடும். ஏன் என்று சின்ன வயதில் காந்தன் கேட்டிருக்கிறான். தேர் திரும்ப இடமில்லை என்று சொன்னார்கள். தோட்டத்து லோரி தினமும் காலையில் அவர்கள் லயத்து வாசலில்தான் திரும்பியது. அவன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் அவர்களை ஒரு வார்த்தை ஏசியது கிடையாது. அடித்தது கிடையாது. எந்த ஜாதி என்று வாயைத் திறந்து கேட்டதுகூடக் கிடையாது. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். தேர் திரும்ப இடமில்லை என்பதற்கு என்ன பதில் சொல்வது? கல்யாணம் ஆகி அலோர் காஜாவுக்குப் போன பிறகு அவன் திருவிழாக் காலத்தில் கூடுதல் நேரம் வேலை வாங்கிக்கொண்டான். மகனுக்குத் தாத்தாவைப் பற்றி நல்ல வெட்டுக்காரர் என்று மட்டும் சொல்லியிருந்தான். அவனுக்கு இருந்த ஆசையே ஒன்றுதான். இந்தக் கதை தன்னோடு முடிந்துவிட வேண்டும். பையன் தெரியாமலே வளர்ந்துவிட வேண்டும்.

ஆனால் பையனுக்குத் தங்கக் கெரிஸ் வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லக்கூடாது என்பதற்காகவே காந்தன் அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவரைப் பார்க்கப் போனான்.

வீராசாமி தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பக்கத்து மண்டபத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அட, காந்தனா! எவ்ளோ நாளாச்சு! தொப்ப போட்டுட்டியே லா. ஒக்காரு, ஒக்காரு."

அன்பில் குறையே இல்லை. குளிர்பான டின்னை உடைத்து அவரே கையில் கொடுத்தார். காந்தன் விஷயத்தைச் சொன்னான்.

"தாராளமா வரட்டும்! சாமிக்கு எல்லாப் புள்ளையும் ஒண்ணுதானே. ஹரிதாஸ் தீபத் தட்டு புடிக்கறான். ஒன் பையனுக்கு..." அவர் கண்ணை மூடி யோசித்தார். "உழவாரம் குடுப்போம். உழவாரப் பணி, கோயில சுத்தம் பண்றது. நாயன்மாரே செஞ்ச வேலப்பா அது. அதுக்கு மேல ஒண்ணு இருக்கா?"

காந்தனுக்குக் கையில் இருந்த டின் சில்லென்று இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"உள்ளயாண்ணே, வெளியவா?"

வீராசாமி சிரித்தார். "உழவாரத்துல என்னப்பா உள்ள, வெளிய? எல்லாம் சாமி எடம்தானே."

அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கோழி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. காந்தன் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். டின்னைக் காலி செய்துவிட்டு, வரேண்ணே என்று எழுந்துகொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கவிநேசன் சாரணர் உடுப்போடு கோயிலுக்குப் போனான். காந்தனே காரில் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தான். செம்பனை மரத்து நிழலில் நிறுத்தினால் கோயில் வாசல் நேராகத் தெரியும். ஹரிதாஸ் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு பூசாரிக்குப் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்தான். கவிநேசனுக்குக் கிடைத்தது செருப்பு வைக்கிற இடமும், கால் கழுவுகிற குழாயும், அதிலிருந்து போகிற சாக்கடையும். வாசல்படிக்கு வெளியே. காந்தன் எதிர்பார்த்ததுதான்.

அவன் எதிர்பார்க்காதது பையனுடைய சந்தோஷத்தை. தாறுமாறாகக் குவிந்து கிடந்த செருப்புகளை அவன் ஜோடி சேர்த்தான். பெரியவர்களுடையது மேல் தட்டில், பிள்ளைகளுடையது கீழ்த் தட்டில். கண்ணாடி போட்ட கிழவிகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவர்களுடையதைத் தனியாக ஓரத்தில். சாரணர் முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டி, அதில் எண் எழுதின அட்டையைத் தொங்கவிட்டான். பூசை முடிந்து வருகிறவர்கள் எண்ணைச் சொன்னால் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான். குனிந்து, இரண்டு கையாலும்.

வீடு திரும்பும்போது வாய் ஓயாது. "அப்பா, ஹரிதாஸ் தாத்தா செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேயுது, அவருக்குக் காலு கோணல் போல. ராஜம்மா பாட்டி ரெண்டு காலுக்கும் வேற வேற சிலிப்பர் போட்டுக்கிட்டு வந்திட்டாங்க! நான் சொன்னதும், அடேய் நீ என் வீட்டுக்காரர விட நல்லா பாக்கறியேன்னாங்க."

காந்தன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"நீங்க ஏன்பா உள்ள வரவே மாட்றீங்க?"

"வேல களைப்புடா."

சில வாரம் போனதும் பையனுக்கு அடுத்த ஆசை வந்தது. ஒரு தடவை தட்டுப் பிடிக்கட்டுமா என்று தலைவரிடம் போய்க் கேட்டான். கார்க் கண்ணாடி திறந்திருந்தது. காந்தன் காதில் விழுந்தது.

"நீ ஒன் வேலைய சூப்பரா செய்றியே லா," என்றார் வீராசாமி, அவன் தலையைத் தடவி. "மாத்திட்டா சாமியே கொழம்பிரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். தலையைத் தடவின கையை வீராசாமி குழாயில் கழுவிவிட்டு உள்ளே போனார். கோயிலுக்குள் போகிறவர் கை கழுவுவது வழக்கம்தான். அதைத்தான் காந்தனால் எதுவும் செய்ய முடியவில்லை. எல்லாமே வழக்கம்தான்.

அதன் பிறகு அந்தப் படம் வந்தது. வீராசாமி எடுத்து, பள்ளிப் பெற்றோர் வாட்சாப் குழுவில் போட்டிருந்தார். செருப்புகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற கவிநேசன். கழுத்தில் சாரணர் துண்டு, கையில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. 'உழவாரப் பணியில் நம் சாரணர். பெருமைப்படுவோம்' என்று கீழே எழுதியிருந்தது. கும்பிடுகிற கைகள் வரிசையாக விழுந்தன. சனிக்கிழமை கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் காந்தன் அதைப் பார்த்தான். டவுனில் இருப்பவர்கள் உண்மையாகத்தான் கும்பிட்டார்கள். தோட்டத்து ஆட்களும் கும்பிட்டிருந்தார்கள். எந்தக் கும்பிடு எது என்று அவன் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனான்.

கடைசியில் ஒரு குரல் பதிவு. ராஜம்மா கிழவியுடையது. பேரப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்ததால் அவரும் குழுவில் இருந்தார். கள்ளம் கிடையாது அந்தக் குரலில், பாசம்தான் இருந்தது.

"அடடே, ராமையா பேரனா இது! தாத்தன் மோளம் அடிச்சிட்டு அந்த வாசல்லயேதான் ஒக்காந்திருப்பாரு, பாவம், உள்ள வரவே மாட்டாரு, மரியாத தெரிஞ்ச மனுஷன். பேரனும் அதே எடத்துல ஒக்காந்திருக்கான் பாரேன். எடம் மாறல!"

காந்தன் சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டான். வேலை முடிந்து பார்த்தபோது பதிவு நீக்கப்பட்டிருந்தது. யாரோ கிழவிக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அனுசியாவின் கைபேசி அன்று முழுக்க வீட்டுப் பாடத்துக்காகப் பையனிடம் இருந்தது.

சாயங்காலம் காந்தன் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கவிநேசன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, தாத்தா மேளம் அடிப்பாரா?"

"அடிப்பாரு."

"கோயில்லயா?"

"ம்."

"உள்ளயா, வெளியவா?"

காந்தன் கையில் இருந்த சட்டையை மடித்தான். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தான். அது சாரணர் சட்டை. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"போயி படி," என்றான் காந்தன்.

மிச்சம் இருந்த வெள்ளிக்கிழமைகளிலும் பையன் போனான். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. காரில் திரும்பும்போது மட்டும் பேசவில்லை. அப்பாவிடமிருந்து அதையாவது சீக்கிரம் கற்றுக்கொண்டான்.

விருது கொடுக்கிற நாள் பள்ளி மண்டபத்தில். பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். முன்வரிசையில் கோயில் தலைவர் என்ற முறையில் வீராசாமி, பன்னீர் தெளித்த சட்டையோடு. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஒவ்வொரு பையனுடைய படமும் வந்தது. சுசீலா டீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும், என்ன சேவை செய்தாய் என்று கேட்டுச் சின்னத்தைக் குத்திவிட்டார்.

"கோயில்ல தீபத் தட்டு புடிச்சேன் டீச்சர். விபூதி குடுத்தேன்," என்றான் ஹரிதாஸ். கைதட்டல்.

அடுத்தது கவிநேசன். பின்னால் திரையில் அந்தப் படம் வந்தது, சுவர் முழுக்க. கைபேசியில் விரல் அளவு இருந்த செருப்புகள் இப்போது பையனை விடப் பெரிதாக இருந்தன. அவன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் முன்னால் பார்த்தான்.

"சொல்லு கவி, நீ கோயில்ல என்ன செஞ்ச?"

"தீபத் தட்டு புடிச்சேன்," என்றான்.

டீச்சர் சிரித்தபடி நின்றுவிட்டார். எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். மேடை ஓரத்திலிருந்து ஹரிதாஸ் கத்தினான்: "பொய் டீச்சர்! அவன் செருப்புதான் பாத்தான்! படத்துலயே இருக்குல!"

டீச்சர் கெட்டவர் இல்லை. குனிந்து மெதுவாகத்தான் பேசினார், ஆனால் ஒலிவாங்கி அதையும் மண்டபத்துக்குச் சொன்னது. "கவி, சாரணர் பொய் சொல்லலாமா? நீ செஞ்சது எவ்ளோ நல்ல வேல, எதுக்கு வெக்கம்? உண்மைய சொல்லு, டீச்சர் இப்பவே குத்திவிடறேன்."

ஒரு சொல்தான். செருப்பு என்று சொல்லிவிட்டால் சின்னம். சின்னம் கிடைத்தால் தங்கக் கெரிஸ்.

"தட்டுதான் புடிச்சேன்," என்றான் பையன். டீச்சரைப் பார்த்துச் சொல்லவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, அவனைப் பார்த்துச் சொன்னான்.

காந்தன் எழுந்து நின்றான். அனுசியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் மேடையைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தான்.

"அண்ணே," என்றான். குரல் அவன் நினைத்ததை விடச் சின்னதாக வந்தது. "உள்ளயா வெளியவான்னு ஒங்கள கேட்டேன். நீங்க இன்னும் சொல்லல."

வீராசாமி திரும்பினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "என்னப்பா காந்தா, சின்னப் புள்ள விஷயத்துல போயி... எல்லாரும் இருக்காங்க லா."

 தோட்டத்து ஆட்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜம்மா கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். டவுன்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சார், ப்ளீஸ், நிகழ்ச்சி ஓடிட்டிருக்கு," என்றார் சுசீலா டீச்சர். "அப்புறம் பேசலாமே." சின்னத்தை மறுபடியும் உறைக்குள் போட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். திரையில் படம் மாறியது. ஒரு பையன் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது அனுசியா பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஏன் சொல்லல, எனக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கவிநேசன் முன்னால், கழுத்துத் துண்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தோட்டத்து எல்லை தாண்டியதும் பேசினான்.

"நான் தட்டு புடிக்கலப்பா."

"தெரியும்."

"வெளியதான் விடுவாங்கன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

காந்தன் பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்," என்றான்.

"அப்ப ஏன் என்ன விட்டீங்க?"

அலோர் காஜா வரைக்கும் நேரம் இருந்தது. காந்தன் சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

ஹரிதாஸுக்குத் தங்கக் கெரிஸ் கிடைத்தது. இப்போது ஜாசினில் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். சுசீலா டீச்சர் அந்தச் சின்னத்தை உறையோடு பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், அடுத்த ஆண்டு ஜொகூருக்கு மாற்றலாகிப் போனார். உறை பிரிக்கப்படவில்லை. ராஜம்மா இறந்துவிட்டார். வீராசாமி இன்னும் தலைவர்தான். கோயில் வாசலில் டைல்ஸ் போட்டு, எண் போட்ட செருப்பு அலமாரி கட்டியிருக்கிறார், நன்கொடையாளர் பெயரோடு. அனுசியா வாட்சாப் குழுவிலிருந்து விலகினாள். கைபேசி மாற்றியபோது படமும் போய்விட்டது. கவிநேசன் சாரணர் இயக்கத்தில் மறுபடி சேரவில்லை. இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான், அப்பாவோடு தேவைக்குத்தான் பேசுகிறான். காந்தன் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைகளில் கூடுதல் நேரம் வாங்கிக்கொள்கிறான்.